குருவைக் கேள்வி கேட்டால் மத விரோதியா? பம்பாயில் 1862-ல் நடந்த ஒரு வழக்கு

ஒரு மதத்தைக் குறை சொன்னால், அந்த மதத்துக்காரர்களை வெறுப்பதாக அர்த்தமா? இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் இரண்டே கட்சிதான். ஒரு கட்சிக்கு, மதத்தைத் தொட்டாலே அது துவேஷம். இன்னொரு கட்சி, "நான் விமர்சனம்தான் செய்கிறேன்" என்று ஆரம்பித்து, அடுத்த நிமிஷமே பக்கத்து வீட்டுக்காரரின் சாப்பாடு, உடை, பிள்ளை எண்ணிக்கை என்று போய்விடும். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி வேலை. சரித்திரம் என்பது ஆசைக்குப் படிப்பது, அவ்வளவுதான். ஆனால் பிழைக்க வந்த இந்த மும்பை, இதே கேள்வியை 160 வருஷத்துக்கும் முன்னாலேயே கோர்ட்டு வரைக்கும் இழுத்துப் பார்த்திருக்கிறது. அந்தக் கதை நம்ம ஜனங்களில் பலருக்குத் தெரியாது.

கதாநாயகர் பெயர் கர்சன்தாஸ் மூல்ஜி. 1832-ல் பிறந்தவர், குஜராத்தி, கபோல் பனியா சாதி. சின்ன வயதிலேயே தாயை இழந்து உறவுக்கார அம்மாள் வீட்டில் வளர்ந்தார். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார் என்பதற்காக அந்த அம்மாள் இவரை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டார். 1855-ல் 'சத்யபிரகாஷ்' என்று ஒரு குஜராத்தி வாரப் பத்திரிகை ஆரம்பித்தார்.

இவருடைய குடும்பம் வல்லபாச்சாரியாரின் புஷ்டிமார்க்கத்தைச் சேர்ந்தது. கிருஷ்ண பக்தி சம்பிரதாயம். ராஜஸ்தானில் நாத்துவாரா ஸ்ரீநாத்ஜி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வல்லபரின் வம்சத்தில் வந்தவர்களை 'மகாராஜ்' என்று அழைத்து, கிருஷ்ணனின் அம்சமாகவே கும்பிட்டார்கள். பம்பாயின் பெரிய பருத்தி வியாபாரிகள், பாட்டியாக்கள், பனியாக்கள் எல்லாம் இவர்களின் சீடர்கள். உடல், மனம், பொருள் மூன்றையும் இறைவனுக்கு அர்ப்பணம் செய்ய வேண்டும் என்பது கோட்பாடு. அந்த அர்ப்பணத்தைச் சில மகாராஜ்கள் தங்களுக்கே என்று எடுத்துக்கொண்டு, பக்தர் வீட்டுப் பெண்களிடம் தவறாக நடக்கிறார்கள் என்பதுதான் புகார். ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

திறந்தால் என்ன ஆகும்? சாதி நீக்கம். 1859-ல் வியாபாரிகளிடம் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மகாராஜ்களை எதிர்த்து எழுதுபவர்களை ஒதுக்கி வைப்பது, மகாராஜ்கள் கோர்ட்டுக்கு வராமல் இருக்க விலக்கு வாங்குவது, இதுதான் அதன் சாரம். கர்சன்தாஸ் அதற்கு 'அடிமைப் பத்திரம்' என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்துவிட்டது!

1860 அக்டோபர் 21-ஆம் தேதி, இந்துக்களின் ஆதி மதமும் இன்றைய பாஷண்ட மதங்களும் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அதில் சூரத்திலிருந்து வந்திருந்த ஜதுநாத்ஜி மகாராஜைப் பெயர் சொல்லியே கேட்டார். மகாராஜ் சும்மா இருப்பாரா? 1861 மே மாதம் 50,000 ரூபாய் நஷ்ட ஈடு கேட்டு பம்பாய் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். (அப்போது பம்பாய் ஹைகோர்ட்டே கிடையாது. அது 1862 ஆகஸ்டில்தான் வந்தது.) பத்திரிகையை அச்சடித்த நானாபாய் ரானினா என்ற பார்சிக்காரரும் பிரதிவாதி.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். யாரும் மகாராஜுக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடாது, சொன்னால் சாதி நீக்கம் என்று பாட்டியா பெரியவர்கள் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். இதை கர்சன்தாஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். சாட்சிகளைத் தடுக்கச் சதி செய்ததாக ஒன்பது பேருக்குத் தண்டனை கிடைத்தது. தலைவர்கள் இருவருக்கு ஆயிரம் ரூபாய், மற்றவர்களுக்கு ஐநூறு ரூபாய் அபராதம்.

பெரிய வழக்கு 1862 ஜனவரி 25-ல் தொடங்கியது. கோட்டைப் பகுதி முழுக்க இதே பேச்சு. கவிஞர் நர்மத் வந்து சாட்சி சொன்னார். பைகுல்லாவில் டாக்டர் பாவ் தாஜி லாட் மியூசியம் பார்த்திருப்பீர்களே, அந்த பாவ் தாஜியும் கூண்டில் ஏறினார். ஜதுநாத்ஜிக்குப் பால்வினை நோய் இருந்ததையும் தான் வைத்தியம் பார்த்ததையும் சொன்னார். அதே சம்பிரதாயத்தைச் சேர்ந்த வியாபாரிகள் சிலரும் சாதிக் கட்டுப்பாட்டை மீறி வந்து சாட்சி சொன்னார்கள். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசியுங்கள்.

ஏப்ரல் 22-ல் தீர்ப்பு. எழுதியது உண்மை என்று நிரூபணமாகிவிட்டது. கர்சன்தாஸுக்குச் செலவுத் தொகையாக 11,500 ரூபாய் கொடுக்க உத்தரவு. நீதிபதி ஸர் ஜோசப் ஆர்னூல்ட் சொன்னதுதான் முக்கியம். இது எந்த மதக் கொள்கை சரி என்ற வழக்கு இல்லை, ஒழுக்கம் பற்றிய வழக்கு. ஒழுக்கத்தில் தப்பாக இருப்பது மதத்தின் பெயரால் சரியாகிவிடாது என்ற அர்த்தத்தில் எழுதினார்.

கர்சன்தாஸ் ஒரு வைஷ்ணவராகவே நின்றுதான் பேசினார். எழுதியது ஒரு வழக்கத்தைப் பற்றி, செய்த ஆட்களைப் பற்றி. கையில் ஆதாரம் இருந்தது. எதிராளிக்குப் பதில் சொல்ல முழு வாய்ப்பும் இருந்தது. இதைத் துவேஷம் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கதை இதோடு முடிந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

அதே வழக்கில் ஜான் வில்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரும் சாட்சி. சௌபாட்டி எதிரில் வில்சன் காலேஜ் இவர் பெயரில்தான். பெரிய படிப்பாளி. ஆனால் 1832-லேயே இந்து மதத்தின் வண்டவாளத்தை வெளிப்படுத்துகிறேன் என்று புத்தகம் போட்டவர், 1843-ல் பார்சி மதத்தைப் பற்றி எழுதியவர். அவருடைய நோக்கம் சீர்திருத்தம் இல்லை, மதம் மாற்றுவது. கர்சன்தாஸுக்கு இது தன் வீட்டைச் சுத்தம் செய்கிற வேலை. அந்தக் காலத்து ஆங்கிலேயர் பலருக்கோ, "இந்துக்கள் என்றாலே இப்படித்தான்" என்று சொல்வதற்கு ஒரு சான்று. தகவல் ஒன்றுதான். ஒருவர் கையில் விமர்சனம், இன்னொருவர் கையில் ஒரு ஜனத்தின் மேலேயே முத்திரை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பாதிரிகளுக்கு நம்மவர்கள் வாயாலேயே பதில் சொன்னார்கள். 1857-ல் விஷ்ணுபாவா பிரம்மச்சாரி என்ற மராட்டியர் பம்பாய்க் கடற்கரையில் பாதிரிகளோடு மாதக்கணக்கில் பகிரங்கமாக வாதம் செய்தார். எதிர்த்தரப்புப் பாதிரி அதைப் புத்தகமாகவே போட்டார்.

எல்லாச் சமயத்திலும் இப்படி நடக்கவில்லை. 1851-ல் ஒரு பார்சிப் பத்திரிகை நபிகள் நாயகத்தைப் பற்றிப் படத்தோடு எழுதியது. முஸ்லிம்களுக்கும் பார்சிகளுக்கும் கலவரம். 1874-ல் ஒரு பார்சி எழுத்தாளர் வெளியிட்ட புத்தகத்தால் மறுபடியும் கலவரம், பார்சிகளின் அக்னிக் கோயில்கள் வரை தாக்கப்பட்டன. எழுதியவர் ஒருவர். அடி வாங்கியது அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத கடைக்காரரும் அவர் குடும்பமும். ஒருவர் எழுதியதற்கு அவர் சாதி சனம் முழுவதையும் குற்றவாளி ஆக்குவதும் துவேஷம்தானே? அது புண்பட்டவர் பக்கத்திலிருந்தும் வரும்.

சட்டமும் இதே முடிச்சில்தான் தடுமாறியது. லாகூரில் 1924-ல் நபிகளைத் தாக்கி 'ரங்கீலா ரசூல்' என்ற புத்தகம் வந்தது. பதிப்பாளர் ராஜ்பாலை 1927-ல் லாகூர் ஹைகோர்ட் விடுதலை செய்தது. பெரிய கொந்தளிப்பு. அதே வருஷம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நேர்மையான மத விமர்சனமும் சரித்திர ஆராய்ச்சியும் இதில் மாட்டக்கூடாது என்று அன்று சட்டசபையில் எச்சரித்தவர்களில் ஒருவர், நம்பினால் நம்புங்கள், முகமது அலி ஜின்னா! அதனால்தான் 'வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு' என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. 1957-ல் சுப்ரீம் கோர்ட்டும் ராம்ஜி லால் மோடி வழக்கில் அந்த நிபந்தனையைச் சுட்டிக்காட்டித்தான் இந்தப் பிரிவு செல்லும் என்றது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் இதுவே 299-ஆம் பிரிவு. ராஜ்பாலை சட்டம் விட்டது, கத்தி விடவில்லை. 1929-ல் கொல்லப்பட்டார்.

கர்சன்தாஸுக்கு வருவோம். 1863-ல் இங்கிலாந்து போனார், கடல் தாண்டியதற்காகச் சாதி நீக்கம். பிறகு கத்தியவாரில் சமஸ்தான நிர்வாக வேலை. 1871-ல் லிம்டியில் இறந்தார், நாற்பது வயதுகூட ஆகவில்லை.

2024 ஜூனில் இந்த வழக்கை வைத்து 'மகாராஜ்' என்ற படம் நெட்ஃபிளிக்ஸில் வர இருந்தது. மனம் புண்படும் என்று சிலர் குஜராத் ஹைகோர்ட்டுக்குப் போக, முதலில் தடை. பிறகு நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டு ஜூன் 21-ல் தடையை நீக்கினார். அந்த வாரம் எங்கள் ஆபீஸில் ஒரு குஜராத்தி நண்பர், பரம வைஷ்ணவர், மெதுவாகச் சொன்னார்: "அந்த மகாராஜ் செய்தது தப்புதான் சார். ஆனா இனிமே எங்க கோயிலுக்குப் போறவங்க எல்லாரையும் ஒரு மாதிரி பார்ப்பாங்களே?"

இந்தப் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். 1960-களில் இதே பம்பாயில் 'மதராஸி' என்றாலே வேலையைத் திருடுகிறவன் என்று பேசினார்கள், லுங்கியை வைத்துக் கோஷம் போட்டார்கள், உடுப்பி ஓட்டல்களை உடைத்தார்கள். மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருந்த நம்ம பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அது விமர்சனம் இல்லை. ஏனென்றால் அதற்குப் பதிலே சொல்ல முடியாது. செய்ததைக் கேட்டால் பதில் சொல்லலாம், பிறந்ததைக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

வங்கிக்காரன் புத்தி, எனக்கு மூன்று கேள்விகள் போதும். ஒன்று, நீங்கள் சொல்வது ஒரு கணக்கைப் பற்றியா, அந்தத் தெரு முழுவதையுமா? கடன் வாராக்கடன் ஆனால் அந்தக் கணக்கைத்தான் எழுதுவோம். "அந்த ஆளுங்க யாருமே கட்டமாட்டாங்க" என்று குறிப்பு எழுதினால் அந்த அதிகாரி மேல்தான் விசாரணை வர வேண்டும். இரண்டு, கையில் ஆதாரம் இருக்கிறதா, எதிராளி பதில் சொல்ல இடம் விட்டீர்களா? மூன்று, இதே அளவுகோலால் உங்கள் மடத்தையும், உங்கள் கோயிலையும், உங்கள் தலைவரையும் அளப்பீர்களா? மூன்றாவதில்தான் முக்கால்வாசிப் பேர் ஃபெயில்!

நம்ம பிள்ளைகள் இங்கே ஜைனர், பார்சி, முஸ்லிம், கத்தோலிக்கர், பௌத்தர் என்று எல்லார் பக்கத்திலும் உட்கார்ந்து படிக்கிறார்கள். "மதத்தைப் பற்றி வாயே திறக்காதே" என்று வளர்த்தால் அவர்கள் 'அடிமைப் பத்திரத்தில்' கையெழுத்துப் போடுகிறவர்களாக ஆவார்கள். வாய்க்கு வந்ததைப் பேசவிட்டால் லுங்கிக் கோஷம் போட்டவர்களாக ஆவார்கள். எந்த மதத்திலும் நடக்கிற தப்பைக் கேட்கட்டும், நம்முடையதிலிருந்து ஆரம்பித்து. பக்கத்து பெஞ்சுப் பையனை மட்டும் அதற்குப் பதில் சொல்லச் சொல்லக்கூடாது.