உப்புக்காற்றில் வால்வு ஒலிபெருக்கி

மணலிக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தை நெருங்கும் தாழ்நிலத்தில் அமைந்துள்ள சடையங்குப்பம், 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி ஊராட்சியாகவே இருந்தது. கடற்காற்று கொண்டுவரும் உப்பும் ஆற்றுவெளியின் ஈரமும் இவ்வூருக்குத் தொன்றுதொட்டே உரியவை. 1969-இல் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிய பின், பெட்ரோலிய எரிபொருளிலிருந்து எழும் கந்தகச் சேர்மங்களும் அவற்றோடு கலந்தன. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் இக்கரையில், வெற்றிடக் குழாய்களாகிய வால்வுகளால் இயங்கும் ஒலிபெருக்கி எவ்வாறு கட்டப்பட வேண்டும், எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைத் தீர்மானித்ததில் இக்காற்றுக்கு இருந்த பங்கு, வால்வுகளின் தரத்துக்கு இருந்த பங்கைவிடக் குறைந்ததன்று.

சென்னையில் பொதுவெளி ஒலிபரப்புக்கு நெடிய வரலாறு உண்டு. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலி மன்றம் பணமுடையால் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்த, அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930-இல் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பைத் தொடர்ந்தது. மெரினா கடற்கரையில் கூடியவர்கள் அதை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டனர். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடந்த காலத்துக்குள், ஒலிபெருக்கி இல்லாத அரசியல் கூட்டத்தை எண்ணிப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தொழிற்சங்கக் கூட்டம், திருமணம், ஆடி மாதக் கூழ்வார்த்தல் என எல்லாவற்றுக்கும் வாடகைக்கு வந்த 'மைக் செட்' இவ்வாறுதான் வடசென்னையில் ஒரு தொழிலாக வேரூன்றியது. 1940-இல் தொடங்கப்பட்ட டெல்லியின் அகுஜா நிறுவனம் ஆயத்த ஒலிபெருக்கிகளை விற்றது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வானொலி வால்வுகளைத் தயாரித்தது. கம்பெனிப் பெட்டியாயினும் கையால் கட்டிய பெட்டியாயினும், பழுது நீக்குபவர் அதன் அடித்தட்டைக் கழற்றியவுடன் முதலில் ஐயுற வேண்டியிருந்த பொருள் கண்டென்சர்.

கண்டென்சர் எனத் தொழிலில் வழங்கும் மின்தேக்கி, இரு உலோகத் தகடுகளுக்கு இடையே மின்கடத்தாப் பொருளொன்றை வைத்து மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பாகும். நேர்மின்னோட்டத்தைத் தடுத்து மாறுமின்னோட்டமாகிய ஒலிக்குறிப்பை மட்டும் கடத்துவதால், ஒரு வால்வின் ஆனோடு எனும் தகட்டிலிருந்து அடுத்த வால்வின் கிரிடு எனும் கட்டுப்படுத்தும் முனைக்கு ஒலியைக் கொண்டுசெல்ல அதுவே பயன்பட்டது. பழைய கண்டென்சர்களில் அந்த இடைப்பொருள் மெழுகோ எண்ணெயோ ஊட்டிய காகிதமாக இருந்தது. மெழுகு வெடித்து ஈரம் உட்புகுந்தால் காகிதம் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். ஆனோடில் 200 வோல்ட் நிற்கும்போது கண்டென்சரின் தடை 40 மெகாஓமாகக் குறைந்தாலே 5 மைக்ரோ ஆம்பியர் கசியும். கிரிடிலிருந்து தரைக்குச் செல்லும் 470 கிலோஓம் தடையில் அக்கசிவு இரண்டு வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தத்தை உண்டாக்கும். கிரிடு எதிர்மின்னழுத்தத்தில் நின்றால்தான் வால்வின் மின்னோட்டம் கட்டுக்குள் இருக்கும் என்பதால், சில ரூபாய் பெறும் இவ்வுறுப்பின் நோய் விலையுயர்ந்த வெளியீட்டு வால்வின் தகட்டைச் செக்கச்செவேலெனப் பழுக்கவைத்து அதன் உயிரைக் குடித்தது. ஈரத்தை எளிதில் ஏற்காத பாலியெஸ்டர் படலக் கண்டென்சர்கள் காகிதத்தை வெளியேற்றியதே இத்தொழிலில் ஒலித்தெளிவுக்கும் நீடிப்புக்கும் நேர்ந்த மிகப் பெரிய நன்மை எனலாம்.

மின்சாரம் எட்டாத இடங்களுக்குச் சென்ற மைக் செட்டுகள் கார் பேட்டரியில் இயங்கின. வைப்ரேட்டர் என்னும் அதிரும் தொடுமுனை பேட்டரியின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாய்ச்ச, டிரான்ஸ்ஃபார்மர் அதை நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்கு உயர்த்தும். அங்கே எழும் திடீர் உச்சங்களைத் தாங்கிக்கொள்ள 'பஃபர்' கண்டென்சர் ஒன்று வைக்கப்பட்டது. அது செத்தால் தொடுமுனைகளும் தீய்ந்துபோகும்.

ஒயர் இழுப்பதிலும் இடத்தின் கட்டாயம் இருந்தது. பஞ்சுநூல் உறையிட்ட ஒயர் ஈரத்தை உறிஞ்சும்; ரப்பர் உறை வால்வின் சூட்டில் வெடிக்கும்; பி.வி.சி. உறை ஈரத்தைத் தாங்கினாலும் பற்றவைக்கும் சூட்டில் பின்வாங்கும். வால்வு சாக்கெட்டின் முனைகளுக்கும், பற்றுமுனைகள் வரிசையாக அமைந்த டேக் பட்டைகளுக்கும் இடையே உறுப்புகளை நேரடியாக ஈயத்தால் பற்றவைக்கும் முறையில், உயர் மின்னழுத்த முனையும் கிரிடு முனையும் அடுத்தடுத்து அமைந்துவிட்டால், பட்டையின்மேல் படியும் உப்புப் படலமே இரண்டையும் இணைக்கும் பாதையாகிவிடும். 6.3 வோல்ட் ஹீட்டர் ஒயர்களை முறுக்கி ஓரமாகக் கொண்டுசென்று, தரை இணைப்புகளை ஒழுங்காக ஓரிடத்தில் சேர்த்த பெட்டியில் 50 ஹெர்ட்ஸ் ஊமை உறுமல் அடங்கியது; எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் வடிகட்டும் எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் வறண்டதைக் காட்டிக்கொடுத்தது.

மைக் செட்டோடு மின்கிதாரும் இணைக்கப்பட்டது; அவ்வுறவு தற்செயலானதன்று. படிக மைக்குக்கென அமைந்த உயர்தடை உள்ளீடு கிதாரின் காந்தச்சுருளுக்கும் பொருந்தியது. ஆயினும் புனல் ஒலிபெருக்கிகள் தாழ்சுரங்களை எழுப்ப வல்லவையல்ல என்பதால், அவற்றின் அதிர்தகட்டைக் காக்கச் சிறிய இணைப்புக் கண்டென்சர் இடுவது பொருத்தமாயிருந்தது. 0.001 மைக்ரோஃபாரட் 470 கிலோஓமோடு சேர்ந்தால் ஏறத்தாழ 340 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். கிதாரின் தடித்த தந்தியோ 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதே இடத்தில் 0.022 மைக்ரோஃபாரட் இட்டால் அவ்வெல்லை 15 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். கிதாருக்கென்றே அமைந்த பெட்டிகளையும் ஈரம் விடவில்லை. 1962-இல் லண்டனில் மார்ஷல் நிறுவனம் தன் முதல் கிதார் ஒலிபெருக்கிக்கு முன்மாதிரியாகக் கொண்ட அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஒலிபெருக்கி, அழுத்திய நார் அட்டையின்மேல் கட்டப்பட்டது. ஈரமான இடங்களில் அவ்வகை அட்டையே மின்சாரத்தைக் கசியவிடுவதைப் பின்னாளில் பழுதுபார்ப்போர் கண்டனர். கடலோரத்தில் கட்டுபவர் அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தை ஏற்கலாம், அதன் அட்டையை ஏற்பது தகாது.

டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவிய பின் மைக் செட் தொழில் வால்வைக் கைவிட்டது. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்ததோடு பழைய சாமான்களுக்கான சென்னையின் பெரிய சந்தையும் போயிற்று. உதிரி உறுப்புகளுக்கு ரிச்சி தெரு எஞ்சியது. பழைய வால்வுப் பெட்டியொன்றைக் கிதாருக்காக மீட்க விரும்புவோர் காகிதக் கண்டென்சர்கள் அனைத்தையும் நீக்கி, 450 வோல்ட் எலெக்ட்ரோலைட்டிக்குகளைத் தடையொன்றின் வழியே மின்னூட்டம் இறக்கிய பின் மாற்ற வேண்டும். டேக் பட்டைக் கட்டுமானத்தை மட்டும் அப்படியே விட்டுவைப்பது நன்று. அச்சிட்ட சுற்றுப்பலகைகளின் மெல்லிய செப்புத் தடங்கள் பச்சைபூத்து அறுந்துபோகும் இக்காற்றிலும், தடித்த கம்பிகளும் திரண்ட ஈயமும் கொண்ட அந்த இணைப்புகளைத் துடைத்து மீண்டும் பற்றவைக்க முடியும்.