முப்பத்தைந்தில் ஒரு பங்கு

டேங்க் என்றால் சென்னைக்காரர்களுக்கு முதலில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான் ஞாபகம் வரும். இன்னும் பழைய ஆட்களுக்கு ஏரி. தி.நகரே 1920களில் தூர்க்கப்பட்ட 'லாங் டேங்க்' ஏரியின்மேல் எழுந்த ஊர்தானே. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் புது ஆயுதம் பற்றி வெளியே தெரியக்கூடாதென்று, 'தண்ணீர்த் தொட்டி செய்றோம்' என்று கதை விட்டார்கள். 1916 செப்டம்பரில் சோம் போர்க்களத்தில் அது உருண்டு வந்தபிறகும் தொட்டி என்கிற பேர் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தொட்டியைத்தான் வடபழனியில், ஆற்காடு சாலை இரைச்சலுக்கு நடுவே, ஒரு சாண் நீளத்தில் ஒட்டி வண்ணம் பூசுகிறேன். "இந்த வயசுல பொம்மையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் தேடப் போய்த்தான் இதன் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

முதல் கேள்வி: இந்தப் பெட்டிகள்மேல் ஏன் 1:35 என்று போட்டிருக்கிறது? 1:30, 1:40 என்று சுலபமான எண் இல்லையா? இதற்குப் பின்னால் ராணுவக் காரணம் எதுவும் இல்லை, பேட்டரிதான் காரணம். ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த டமியா நிறுவனம், மர மாடல் செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறி, ஜெர்மானிய பாந்தர் டேங்கை மோட்டாரோடு கொண்டுவந்தது. வருடம் 1961 முடிந்து 1962 பிறக்கும் நேரம். உள்ளே பேட்டரிகள் அடங்குகிற அளவுக்கு உடல் வேண்டும். அப்படிச் செய்துவிட்டுக் கணக்குப் போட்டால் 1:35 வந்தது. பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

தொடங்குவது கஷ்டமில்லை. சட்டத்திலிருந்து பாகங்களை நிப்பரால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, பிரைமர் அடித்து, வண்ணம் பூச வேண்டும். கறுப்போ பழுப்போ நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டால் நிழல் விழும். கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையை விளிம்புகளில் உரசினால் தேய்மானம் தெரியும். ஐப்பசி மழையில் மட்டும் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். காற்றின் ஈரத்தில் வண்ணம் வெளுத்துப் பூத்துவிடும்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கடைக்குப் போனால் கண்ணில் படுவது டைகர், பாந்தர். அழகான வண்டிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹிட்லரின் வண்டியை நாலு வாரம் உட்கார்ந்து அலங்கரிக்கும்போது, நம்ம ஆளுங்க அப்போ எந்தப் பக்கம் நின்றார்கள் என்று ஒரு கேள்வி வருமா, வராதா?

இத்தாலியின் கசினோவில் நின்றார்கள். 1944 தொடக்கத்தில், மடாலய மலைக்குப் பின்னால் இருந்த ஒற்றையடிப் பாதையை டேங்க் ஏறும் சாலையாக அகலப்படுத்தியவர்கள் 4-வது இந்திய டிவிஷனின் பொறியாளர்களும் நியூசிலாந்துக்காரர்களும். மெட்ராஸ் சாப்பர்ஸின் 12-வது கம்பெனி அந்த டிவிஷனைச் சேர்ந்தது. சாலைக்குப் பெயர் கேவண்டிஷ் ரோடு. மார்ச் 19 அன்று ஷெர்மன்களும் ஸ்டூவர்ட்களும் அதில் ஏறிப் போய் எதிரியைத் திடுக்கிட வைத்தன. கூடவே போகக் காலாட்படை இல்லை. பல வண்டிகளை இழந்து திரும்ப வேண்டியதாயிற்று.

இன்னொன்று இன்னும் பக்கத்தில் இருக்கிறது. ஆவடி. விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில், 105 மி.மீ. பீரங்கியோடு, நாலு பேர் உட்காரும் விஜயந்தா 1965-இல் அங்கே முதலில் வெளிவந்தது. 1971 போரில் பங்கெடுத்தது. பிறகு அதே ஊரில் அர்ஜுன் பிறந்தது. இவற்றைச் செய்த தொழிலாளர்கள் நம் புறநகர் ரயிலில் டிபன் பாக்ஸோடு போய்வந்தவர்கள்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: பாந்தரையே வாங்குங்கள், கை பழகட்டும். அடுத்து ஒரு ஷெர்மன். அதைப் பளபளக்கும் பலகைமேல் வைக்காமல், களிமண்ணும் சரளைக்கல்லும் போட்டு ஒரு மலைப்பாதை செய்து அதன்மேல் நிறுத்துங்கள். ஓரத்தில் மண்வெட்டியோடு ரெண்டு சாப்பர்கள் நிற்கட்டும். டேங்கைவிட அந்தப் பாதைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.