ஆனைமலையில் மருந்து கெட்டித்த துப்பாக்கிகள்

குழலின் வாய் வழியாக மருந்தையும் ஈயக்குண்டையும் இறக்கி, கெஜக்கோலால் இடித்துக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி, பாலக்காட்டுக் கணவாயின் தென்கரையிலிருந்து மூணாறு வரை நீளும் ஆனைமலைத் தொடரில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் புழங்கிவருகிறது. முதலில் அது படைவீரனின் கருவி. பிறகு யானையையும் காட்டெருமையையும் தேடி வந்த வெள்ளை அதிகாரிகளின் கருவி. தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிகள் வந்தபின் அவர்கள் அதைக் கைவிட்டார்கள். அவர்கள் கைவிட்ட வகை, காட்டோரத்துக் குடியானவனிடம் பயிர்க்காவல் துப்பாக்கியாகத் தங்கிவிட்டது.

பாலக்காட்டுக்குத் துப்பாக்கி படையோடு வந்தது. ஹைதர் அலி 1766-இல் அங்கே கோட்டை கட்டினார். கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து மலபாருக்குப் போகும் வழியை அந்தக் கோட்டை காத்து நின்றது. 1783-இலும் 1790-இலும் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. அந்தப் போர்களில் இருந்தவை இரண்டு வகை: கனலும் திரியை மருந்தில் தொட வைக்கும் திரித் துப்பாக்கி, சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி தரும் துப்பாக்கி. இரண்டுமே மழைக்கு ஆகாதவை. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் ஓயாத இந்த மலைகளில் திரி அணையும், பற்றவைக்கும் மருந்து கிடக்கும் திறந்த கிண்ணி நனையும். சமவெளியில் போரிடப் போதுமான ஆயுதம், காட்டுக்குள் நம்பிப் போகக்கூடியதாக இருக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது கேப்பு. தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு துப்பாக்கிக்குத் தீ வைக்கும் முறைக்கு அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது சிறிய செப்புக் கேப்பாக உருக்கொண்டது. குழலின் அடியிலுள்ள முலையில் கேப்பைப் பொருத்தி, குதிரை அதன்மேல் விழுந்தால் தீ நேராக மருந்துக்குள் பாயும். திறந்த கிண்ணியும் இல்லை, நனையும் திரியும் இல்லை. ஆனைமலையின் பெருவேட்டைக் காலம் இந்தக் கேப்புத் துப்பாக்கியோடுதான் தொடங்கியது.

வெள்ளை வேட்டைக்காரர்களை மலைக்கு ஏற்றியது தேக்கு. பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு மரம் தேவைப்பட்டது. 1840-களின் இறுதியில் கேப்டன் மைக்கேல் ஆனைமலைக் காட்டில் தேக்கு வெட்டும் பணியைத் தொடங்கினார். இன்றைய பரம்பிக்குளம் எல்லைக்குள் இருக்கும் தூணக்கடவில் முகாம் அமைந்தது. 1854-இல் மதராஸ் காலாட்படையின் டக்ளஸ் ஹாமில்டன் அங்கே வந்தார். 1856-இல் மதராஸ் வனத்துறை உருவாகி, ஹியூ கிளெக்ஹார்ன் அதன் காப்பாளரானார். மரம் வெட்டப் பாதை போட்ட அதே ஆட்கள்தான் வேட்டைக்கும் போனார்கள். காடர்களும் மலசர்களும் வழிகாட்டிகள், உயர்மலையில் முதுவர்கள். விலங்கைக் கண்டுபிடித்ததெல்லாம் இவர்கள் கண்தான். வேட்டைக் குறிப்புகளில் சுட்டவரின் பெயர் இருக்கும். தடம் பார்த்தவர் பெரும்பாலும் பெயரில்லாமலே போவார். ஹாமில்டன் 1862 மே 4-ஆம் தேதி ஆனைமுடியில் ஏறினார். பதிவான முதல் ஏற்றம் அதுவே. பதிவாகாத ஏற்றங்களைப் பற்றி முதுவர்களைத்தான் கேட்க வேண்டும். அவருடைய வேட்டைக் குறிப்புகளை அவர் இறந்தபின் சகோதரர் எட்வர்ட் தொகுத்து 1892-இல் வெளியிட்டார்.

இந்த வேட்டைக்காரர்கள் தூக்கிச் சென்ற துப்பாக்கிகளின் பருமனைப் புரிந்துகொள்ள 'போர்' கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள எத்தனை உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்று குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அந்த எண்ணிக்கையே போர். 12 போர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 38 கிராம் குண்டு. 8 போருக்கு 57 கிராம். 4 போருக்குக் கால் பவுண்டு, 113 கிராம். அதன் குழல் விட்டம் ஓர் அங்குலத்தைத் தாண்டும். எண் குறையக் குறையக் குண்டு பெருக்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கு இன்றும் 12 போர் துப்பாக்கிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய குண்டு எதற்கு? கரிமருந்தால் குண்டை ஓரளவுக்கு மேல் வேகமாகத் தள்ள முடியாது. வேகத்தைக் கூட்ட வழியில்லாதபோது எடையைக் கூட்டுவது ஒன்றுதான் வழி. அதோடு தூய ஈயம் மெத்தென்றது. யானை மண்டையின் எலும்பில் பட்டால் அப்பளமாக நசுங்கி நின்றுவிடும். ஆகவே வெள்ளீயமோ பாதரசமோ சேர்த்து ஈயத்தைக் கடினமாக்கினார்கள். மண்டையின் முன்பக்கம் தேன்கூடு போன்ற காற்றறைகளால் ஆனது. மூளையோ அதற்குப் பின்னால், தாழ்வாக இருக்கிறது. தும்பிக்கை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலோ, காதுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பொட்டிலோ பட்டால்தான் குண்டு மூளைக்குப் போகும். இதற்காக வேட்டைக்காரர்கள் இருபது முப்பது அடி தூரம் வரை நெருங்கினார்கள். துணிச்சல் என்று அவர்கள் எழுதிக்கொண்டதில் பாதி, கருவியின் இயலாமை.

பெரிய போரின் எல்லையை இலங்கையில் பார்க்கலாம். சாமுவேல் பேக்கர் 1840-இல் பிரிஸ்டல் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர் கிப்ஸிடம் தமக்கென ஒரு ரைபிள் செய்யச் சொன்னார். எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. குழல் நீளம் 36 அங்குலம். குண்டு மூன்று அவுன்ஸ். கூம்பு வடிவில் வார்த்தால் நான்கு அவுன்ஸ். ஒரு வெடிக்கு 16 டிராம் மருந்து, 28 கிராமுக்குச் சற்று அதிகம். அந்தக் காலத்துப் பறவை வேட்டைத் துப்பாக்கிக்கு மூன்று டிராமே தாராளம். இந்த ரைபிளோடு இலங்கைக்கு வந்தவர்தான் பின்னர் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை நிறுவினார். அதே தீவில், பதுளைப் பகுதியில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றார். 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

வழுவழுப்பான குழலுக்கும் ரைபிளுக்கும் உள்ள வேறுபாடு உட்சுவரில் வெட்டிய புரிகளில் இருக்கிறது. புரி குண்டைச் சுழற்றுகிறது. சுழலும் குண்டு நேராகப் போகிறது. ஆனால் வாய் வழியாகக் கெட்டிக்கும்போது இதுவே தொல்லையாகும். குண்டு புரியைப் பற்ற வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை மேலிருந்து இறக்குவது கடினம். கொழுப்புத் தடவிய துணித்துண்டில் குண்டைப் பொதிந்து இறக்குவது பழைய தீர்வு. 1837-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற பிரன்ஸ்விக் ரைபிளில் இரண்டே புரிகள். குண்டைச் சுற்றி அவற்றில் பொருந்தும் ஒரு வளையம் வார்த்திருந்தது. புதிதாக இருக்கும்வரை நன்றாகச் சுட்டது. நாலைந்து வெடிக்குப் பின் மருந்துக் கசடு படிந்து குண்டை இறக்கவே பெரும்பாடாயிற்று.

இந்தச் சிக்கலை முறையாக அலசியவர் இந்தியாவில் பணியாற்றிய கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்சைத். கேப்பு முறைப் பாதிரியாரின் குடும்பப்பெயரே இவருக்கும் அமைந்திருந்தாலும் இவர் வேறொருவர். வேட்டை ரைபிளையும் அதன் குண்டுகளையும் பற்றி 1863-இல் அவர் வெளியிட்ட நூலின் வாதம் எளிமையானது. காட்டில் நூறு கஜத்துக்குள்தான் சுட வேண்டியிருக்கிறது. புரியை வேகமாகத் திருகினால் மருந்தைக் கூட்டும்போது உருண்டைக் குண்டு புரியைப் பிடிக்காமல் வழுக்கி ஓடிவிடும். ஆகவே புரியை மெதுவாகத் திருக வேண்டும். 14 போர் குழலுக்கு 104 அங்குலத்தில் ஒரு சுற்று என்பது அவர் சொன்ன அளவு. குழலே அவ்வளவு நீளம் கிடையாது. உள்ளே குண்டு கால் சுற்று மட்டுமே சுற்றும். அது போதும் என்றார், போதுமானதாகவே இருந்தது. அவர் கண்ட காடு மத்திய இந்தியா. ஆனால் சோலைக்குள் பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத ஆனைமலைக்கு அவர் கணக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும். மேலே வரையாடு மேயும் புல்மலை மட்டும் விதிவிலக்கு. அங்கே தூரத்துக்குச் சுட வேண்டும்.

சுடுவதற்கு முந்திய வேலைதான் மிகுதி. மருந்தை அளந்து ஊற்றி, குண்டை இறக்கி, கெஜக்கோலால் ஒரே அழுத்தமாக அடிவரை தள்ள வேண்டும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் குழல் வெடிக்கக்கூடும். கோலை உருவியபின் முலையில் கேப்பு. பழகிய கைக்கே அரை நிமிடம் போகும். பாய்ந்து வரும் யானை அரை நிமிடம் தராது. அதனால்தான் இரட்டைக்குழல் ரைபிள்களும், கெட்டித்த துப்பாக்கியோடு பின்னால் நிற்கும் ஆட்களும் தேவைப்பட்டனர். சுட்டதும் வெண்புகை மண்டி எதிரே இருப்பது தெரியாது. ஈரக்காற்றில் அது கலையவும் கலையாது. பெரிய போரின் உதை தோளை நீலம் பாரிக்கச் செய்யும். மாலையில் வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் கசடு ஈரத்தை உறிஞ்சி மறுநாளே குழலைத் துரு தின்னும்.

யானையைக் கொல்வது அன்று குற்றமில்லை; மதராஸ் மாகாணத்தில் அதற்குப் பரிசுப்பணமும் உண்டு. 1873-இல் மதராஸ் அரசு காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1879-இல் இந்திய அரசின் சட்டம் பின்தொடர்ந்தது. ஆனால் இந்த மலைத்தொடரில் எல்லைகள் பின்னிக் கிடந்தன: பாலக்காடு பிரிட்டிஷ் மலபார், பரம்பிக்குளம் கொச்சி சமஸ்தானம், மறையூரும் மூணாறும் திருவிதாங்கூர், கிழக்குச் சரிவு கோயம்புத்தூர் மாவட்டம். ஒரே மந்தை ஒரு நாள் நடையில் மூன்று அரசுகளைக் கடந்துவிடும். சமஸ்தானங்களுக்கு அவற்றின் சொந்த விதிகள். அந்தப் பின்னலின் மிச்சம் இன்றும் உண்டு. பாலக்காட்டு மாவட்டத்தின் பரம்பிக்குளத்துக்குச் சாலை, தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகத்தான்.

ஜே.டி. மன்றோ என்ற வெள்ளையர் 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடம் மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றபோது வாய்வழித் துப்பாக்கியின் காலம் வெள்ளையரிடையே முடிந்துகொண்டிருந்தது. 1866 முதல் படையின் வாய்வழி என்ஃபீல்டு ரைபிள்களே பின்புறம் திறந்து தோட்டா போடும் ஸ்னைடர்களாக மாற்றப்பட்டன. நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா மருந்து வந்ததும், அரை அங்குலத்துக்கும் குறைந்த குழல் 4 போரின் வேலையைச் செய்தது. கண்ணன் தேவன் மலைத் தோட்டக்காரர்கள் இரவிகுளத்தை வேட்டைக்காடாக ஒதுக்கி, முதுவர்களைக் காவலுக்கு வைத்தனர். அந்தக் காடு 1971-இல் கேரள அரசிடம் வந்து, 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது.

நாட்டு மக்களின் துப்பாக்கி வேறு வழியில் போயிற்று. 1857 எழுச்சிக்குப் பின் 1860-இலும் 1878-இலும் வந்த ஆயுதச் சட்டங்கள் உரிமமில்லாமல் துப்பாக்கி வைப்பதைத் தடுத்தன. வடக்கே குடகர்களுக்கு விலக்கு இருந்தது. பாலக்காட்டுக் குடியானவருக்கு இல்லை. ஆனால் பயிரைத் தின்னும் பன்றிக்கு அரசு ஏதாவது வழி சொல்லியாக வேண்டும். ஒற்றைக்குழல், ஒரே வெடி, மறுபடி கெட்டிக்க நேரம் பிடிக்கும் துப்பாக்கியை உரிமத்தோடு கொடுப்பதில் ஆட்சிக்கு அச்சம் குறைவு. பெருவேட்டைக்காரன் எந்தக் குறைக்காக அதை ஒதுக்கினானோ அந்தக் குறையே குடியானவனுக்கு உரிமம் வாங்கித் தந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவு உற்பத்தி இயக்கத்தில் திருவிதாங்கூர் மலைக்காடுகள் விவசாயத்துக்குத் திறக்கப்பட்டன. புதுக் குடியேற்றங்கள் காட்டின் விளிம்பைப் பல மைல்கள் நீட்டின. பயிர்க்காவல் துப்பாக்கியின் தேவையும் கூடவே நீண்டது. உரிமத்தாளில் இதன் பெயர் எஸ்.பி.எம்.எல். (ஒற்றைக்குழல் வாய்வழித் துப்பாக்கி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்); ஊர்ப்பேச்சில் நாட்டுத் துப்பாக்கி; இலங்கைத் தமிழர்களுக்கு இடியன். பீகாரின் முங்கேர் பட்டறைகளில் முறையாகச் செய்து விற்கப்பட்டவையும் உண்டு, உள்ளூர்க் கொல்லன் இரவில் அடித்துத் தந்தவையும் உண்டு. பின்னவைதான் கள்ள வேட்டை வழக்குகளில் பிடிபடுபவை. அவற்றின் குழலில் புரியெல்லாம் கிடையாது; ஈயத்துக்குப் பதில் சைக்கிள் பால்ரஸ்.

1959 ஆயுதச் சட்டமும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இன்றைய வரம்புகளை வகுத்தன. சரணாலயத்துக்குப் பத்து கிலோமீட்டருக்குள் வசிக்கும் உரிமக்காரர் வனத்துறையிடம் பெயர் பதிய வேண்டும். பரம்பிக்குளம், சின்னாறு, இரவிகுளம் என்று அடுத்தடுத்து வரும் காடுகளைச் சுற்றி இந்தப் பத்து கிலோமீட்டரைப் போட்டால் எல்லையோர ஊர்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போகும். வெள்ளையர் காலத்துப் பெரிய போர் ரைபிள் ஒன்று பழைய பங்களாவில் கிடைத்தாலும் எடுத்தவருக்கே சொந்தம் என்றாகாது. பழுது பார்த்தும்கூடச் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சுடும் நிலையில் இருந்தால், வயது எத்தனையானாலும், உரிமம் வேண்டும்.

2022 மே மாதம் கேரள அமைச்சரவை, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமமுள்ள துப்பாக்கிக்காரரைக் கொண்டே சுட வேண்டும். விஷம், வெடிபொருள், மின்கம்பி கூடாது. சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும். இந்தப் பணிக்கு 12 போர் தோட்டாத் துப்பாக்கியே ஏற்றது. முதல் வெடியில் விழாத பன்றி காயத்தோடு திரும்பிப் பாய்ந்தால், கெஜக்கோலை உருவிக்கொண்டிருக்க நேரமிருக்காது.