குண்டும் எழுத்தும்: பழைய ஈயத்தின் கதை

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோர் தமிழக எல்லையைத் தாண்டுமுன் எளாவூர் சோதனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைக் கண்டுவிட்டு அப்பக்கமாகச் சுற்றித் திரும்பியபோது, நாங்கள் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். அருகில் நின்ற லாரி நிறையப் பழைய பேட்டரிகள். "எல்லாம் உருக்கப் போகுது சார், உள்ள ஈயம் இருக்குல்ல" என்றார் ஓட்டுநர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பழைய ஈயத்தை உருக்கிப் புது ஈயமாக்கும் ஆலைகள் உள்ளன. சற்று முன்புதான் நாங்கள் ஒரு பீரங்கிக் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். ஆகவே எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது: அன்று துப்பாக்கிக் குண்டு வார்க்க ஈயம் எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு சொல் விளக்கம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. குண்டுக்கு உரியது காரீயம். தமிழ்ப் பேச்சு வழக்கு இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தாலும் இவை வெவ்வேறு உலோகங்கள். இக்கட்டுரையில் ஈயம் என்பது காரீயமே.

தமிழ் மண்ணில் பெயர் சொல்லத்தக்க ஈயச் சுரங்கம் இருந்ததில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, மேலைக் கடற்கரைத் துறைகளில் இறங்கிய சரக்குகளில் செம்பு, வெள்ளீயத்துடன் ஈயத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. இந்தியரிடம் ஈயம் இல்லை, முத்தையும் மணிகளையும் கொடுத்து அதை வாங்குகின்றனர் என்ற கருத்தை உரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்தார். இந்தியா முழுமைக்கும் அது பொருந்தாது; இராசத்தானத்துச் சாவர் சுரங்கங்கள் பழைமையானவை. ஆனால் தென்கடற்கரையைப் பொறுத்தவரை ஈயம் பெரிதும் கப்பலில் வந்த பொருளே.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அங்கே வெடிமருந்து ஆலையும் நடந்தது. அதன் மருந்து பத்தாவியா வரை சென்றது. மருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் கரியும் இந்நாட்டிலேயே கிடைத்தன. ஈயம் அப்படியல்ல. ஆங்கிலக் கம்பெனியும் கம்பளித் துணியோடு ஈயக் கட்டிகளை ஏற்றி வந்தது. விற்பனைச் சரக்காகவும், கப்பலை நிலைநிறுத்தும் அடிப்பாரமாகவும் அது உதவிற்று.

குண்டுக்கு ஏன் ஈயம்? அது 327 பாகையில் உருகிவிடும். இரும்பை உருக்கப் பெரும் உலை வேண்டும். ஈயத்துக்கு ஓர் அடுப்பும் இரும்புக் கரண்டியும், குறடு போலத் திறந்து மூடும் ஓர் அச்சும் போதும். ஆங்கிலச் சிப்பாயின் மஸ்கட் துப்பாக்கிக்கு ஒரு ராத்தல் ஈயத்தில் ஏறக்குறைய 14 குண்டுகள் வார்க்கலாம். கப்பல் வராத நாளில் கையில் அகப்பட்ட பழைய ஈயமெல்லாம் குண்டாகும். அமெரிக்காவில் 1776 ஜூலை 9 அன்று நியூயார்க் மக்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைச் சாய்த்தனர். அச்சிலை உருகி 42,088 குண்டுகளானது என்பது அவர்களது கணக்கு.

நம் கதையில் இதற்கு நேர் எதிரான நிகழ்வு ஒன்று உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் தொடங்கியபோது, செருமனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்து தாளை விழுங்கின. சிறிய எழுத்து வேண்டும், ஈயமோ இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கி, ஆட்லர் என்பவர் புதிய எழுத்துகளை வார்த்தார் என்பர். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. குண்டாகியிருக்கக் கூடிய கழிவு ஈயம் தமிழ் நூலானது. பிறகு 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறியையும் போர்க் கொள்ளையாகச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அரசுக்கு வேண்டும்போது அச்சிட்டுத் தர வேண்டும் என்ற உடன்பாட்டின்பேரில் அது வேப்பேரியில் பெப்ரீசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. வெடிமருந்தும் அச்சு மையும் அக்காலத்தில் அவ்வளவு தொலைவில் இருக்கவில்லை.

உலோகத்திலும் இவை உறவினவே. தனி ஈயம் மென்மையானது. எழுத்தின் முனை மழுங்காதிருக்க அதனுடன் அஞ்சனக்கல்லும் வெள்ளீயமும் சேர்ப்பர். கடினமான குண்டு வேண்டுவோர் தேடுவதும் இதே கலவையைத்தான். வெளிநாடுகளில் சொந்தமாகக் குண்டு வார்ப்போர் பழைய அச்செழுத்தை விரும்பி வாங்குவதன் காரணம் இதுவே. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. ஆகவே இங்கே அச்செழுத்து போன வழி வேறு. ஆப்செட் முறை பரவியபோது, தமிழகமெங்கும் அச்சகங்கள் தம் எழுத்துகளை எடைக்குப் போட்டன. 'எழுத்து' முதலான சிற்றிதழ்களைக் கோத்த காலத்தின் ஈயம் கிலோக் கணக்கில் உலைக்குப் போயிற்று.

இன்று உலக ஈயத்தில் பெரும்பங்கு பேட்டரிக்கே செல்கிறது; பாதிக்கு மேல் பழையதை உருக்கிப் பெறப்படுவது. முறையான ஆலையில் புகையை வடிக்க ஏற்பாடு உண்டு. கொல்லைப்புறத்தில் பேட்டரியை உடைத்து உருக்குபவருக்கு அது இல்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக 2020இல் யூனிசெஃப் அறிக்கை கூறிற்று. குண்டாகச் சுடப்படாமலே ஈயம் உடலுக்குள் புகுகிறது.

லாரி சாவடியைத் தாண்டிப் போனது. அந்த ஈயத்தில் எத்தனை பங்கு முன்னொரு காலத்தில் 'ழ'கரமாகவும் 'ற'கரமாகவும் நின்றதோ, உலைக்குத் தெரியாது. வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊரில் பழைய அச்சகம் ஒன்று மூடப்படுவதாக அறிந்தால், எடைக்காரர் வருமுன் ஒருமுறை சென்று பாருங்கள். ஒரு பெட்டி எழுத்தையேனும் மீட்டு, அருகிலுள்ள நூலகத்திலோ பள்ளியிலோ சேர்த்துவிடுங்கள்.