காவலரும் பல்கலைக்கழகமும்

காவலனுக்கு உடல்வலிமை போதும், கல்வி எதற்கு என்பதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பலர் கொண்டிருந்த எண்ணம். அதனை மறுத்தவருள் முதன்மையானவர் ஓகஸ்ட் வோல்மர். கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில் தபாற்காரராயிருந்த அவர், 1905இல் அந்நகரின் காவல் அதிகாரியாகத் தெரிவுசெய்யப்பட்டார். தாம் ஆரம்பக் கல்விக்கு மேல் அதிகம் கல்லாதவராயினும், 1908இல் தம் காவலர்க்கெனப் பள்ளியொன்றை நிறுவினார். 1916இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலும் காவற்கல்வி இடம்பெற வழிசெய்தார்.

இம்முயற்சி வீண் ஆடம்பரமன்று. வாக்குமூலம் பெறும்பொருட்டுக் காவலர் கைதிகளை வதைத்தமையை 1931இல் விக்கர்ஷாம் ஆணைக்குழு நாடறியச் செய்தது. ஆராயும் அறிவு இல்லாதவிடத்து அடிக்கும் கையே விசாரணையாகிவிடும் என்பதை அவ்வறிக்கை உணர்த்திற்று.

எனினும், படிப்புச் செலவு சாதாரணக் காவலரைத் தடுத்தது. 1967இல் ஜனாதிபதி ஜோன்சன் நியமித்த ஆணைக்குழு, காவலர் யாவரும் காலப்போக்கில் பட்டதாரிகளாதல் வேண்டும் என விதந்துரைத்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் கல்விக் கடனும் உதவிப்பணமும் வழங்கியது. அதன்பின் குற்றவியல் நீதி நிருவாகம் பல பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வளர்ந்தது. கடமையிலிருந்த காவலரும் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாயினர்.

இன்று அத்தகைய விண்ணப்பத்தில் முன்னைய பட்டம், புள்ளிகள், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு, “ஏன் கற்க விரும்புகிறீர்?” என்ற வினாவுக்கான விடையும் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. பட்டம் மட்டும் ஒருவரை நீதிமானாக்குவதில்லை. ஆயினும், அதிகாரத்தைக் கையிலேந்துவோர் அவ்வினாவுக்கு விடை தேடுதல் நன்று.