கிணற்றடி முதல் நீச்சல் குளம் வரை: காரைக்காலின் ஈரத்தரை வரலாறு

வீடு கட்டும்போது வாசலைப் பற்றி நூறு முறை யோசிக்கிறவர்கள்கூட கொல்லைப்புறத் தரையைப் பற்றி ஒரு முறையாவது யோசிப்பார்களா என்பது சந்தேகம்தான். "மீந்த சிமெண்டைக் கொட்டி இழுத்து விடுங்க" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வீட்டில் யாராவது வழுக்கி விழுந்தால் அது பெரும்பாலும் அந்தத் தரையில்தான். கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டியின் கதை ஒன்றாவது இல்லாத தெரு டெல்டாவில் உண்டா?

கிணறு இருந்த கொல்லையில் இன்று வசதியுள்ளவர்கள் நீச்சல் குளம் கட்டுகிறார்கள். கடற்கரைப் பக்கம் விடுதிகளிலும் குளம் உண்டு. குளத்தைச் சுற்றி எந்த மாதிரியான கான்கிரீட் தரை போடுவது என்பது பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் காரைக்கால் போன்ற ஓர் ஊரில் அந்தக் கேள்விக்குப் பின்னால் முந்நூறு வருட வரலாறு இருக்கிறது.

கல் இல்லாத ஊர்

காரைக்கால் அரசலாறு கடலில் கலக்கும் இடம். சுற்றிலும் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். தோண்டினால் களிமண்ணும் மணலும் வருமே தவிர பாறை வராது. டெல்டாவில் கோயில்களுக்குக் கருங்கல் வேண்டுமென்றால் வெகுதூரத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். வண்டிச் செலவு கல்லின் விலையைத் தாண்டிவிடும். அதனால் கருங்கல் தெய்வத்துக்கு, செங்கல் மனிதனுக்கு என்று ஆகிவிட்டது. பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. எந்தச் சரக்கு பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிறதோ, அதுதான் அந்த ஊரின் கட்டடக் கலையை முடிவு செய்கிறது.

கருங்கல் படித்துறைகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். படிகளை வழவழவென்று இழைக்காமல் உளியால் கொத்தி விட்டிருப்பார்கள். அம்மி கொத்துவது மாதிரிதான். ஈரக்கால் பிடித்து நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். திருநள்ளாறு நளதீர்த்தத்தை நினைத்துப் பாருங்கள். சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்பது வழக்கம். தண்ணீரும் எண்ணெயும் கூட்டமும் ஒன்றாகச் சேரும் இடத்தில் தரை எப்படி இருக்க வேண்டும் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா!

கிளிஞ்சலும் செங்கல் தூளும்

காரைக்காலின் மீனவ ஊர்களில் ஒன்றின் பெயர் கிளிஞ்சல்மேடு. கல் இல்லாத கடற்கரைக்கு இயற்கை கொடுத்த கட்டடச் சரக்கே அந்தப் பெயரில் இருக்கிறது. கிளிஞ்சலைச் சூளையில் போட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்தால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்தால் சாந்து. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் வெறும் சுண்ணாம்பு சரியாக இறுகாது. கிணற்றடியும் குளத்தங்கரையும் அப்படிப்பட்ட இடங்கள்தானே? அதற்குப் பழைய கொத்தனார்கள் கண்ட வழி, செங்கல் தூள். நன்றாகச் சுட்ட களிமண்ணைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் சாந்து கிடைக்கும். இதைத்தான் சுர்க்கி என்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதும் உண்டு. 1895ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு சுர்க்கிக் கலவையில் கட்டப்பட்டதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

இதே அறிவு உலகின் வேறு மூலைகளிலும் இருந்தது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கடலுக்குள் துறைமுகச் சுவர்களைக் கட்டினார்கள். அதற்கும் முன்னால் மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் செங்கற்களை ஜிப்சம் சாந்தில் பதித்து, நீர் கசியாமல் இருக்க நிலக்கீல் பூசினார்கள். மனிதன் குளம் கட்டிய நாள் முதலே குளத்துக்கான தரையையும் தேடிக்கொண்டே இருந்திருக்கிறான்.

பிரெஞ்சுக்காரரின் ஊசி

தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்கால் 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் பலமுறை ஆங்கிலேயர் பிடித்தார்கள். நெப்போலியன் போர்கள் முடிந்தபின் 1817ல் திரும்பவும் பிரான்சிடம் வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் பிரான்சில் லூயி விக்கா என்ற இளம் பொறியாளர் ஒரு பாலத்துக்காகச் சுண்ணாம்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுண்ணாம்பையும் களிமண்ணையும் சரியான அளவில் கலந்து சுட்டால் தண்ணீரில் இறுகும் சாந்தைச் செயற்கையாகவே செய்யலாம் என்று 1818ல் அவர் வெளியிட்டார். ஆறு வருடம் கழித்து, 1824ல், இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

சிமெண்ட் எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று பார்க்க இன்றும் இந்தியாவின் ஆய்வுக்கூடங்களில் ஓர் ஊசிக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பெயர் விக்கா கருவி! ஈபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

அந்தப் பிரெஞ்சுச் சுண்ணாம்பு வியாபாரம் கடல் தாண்டியது. 1864ல் சூயஸ் கால்வாய் வேலைக்காக லஃபார்ஜ் நிறுவனம் 1,10,000 டன் சுண்ணாம்புக்கு ஆர்டர் பெற்றது. 1869ல் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சரக்கு இந்தியக் கரைக்கு வரும் தூரம் வெகுவாகக் குறைந்தது. பீப்பாய்களில் வந்த வெளிநாட்டு சிமெண்ட் விலை உயர்ந்த பொருள். அரசாங்கக் கட்டடங்களுக்கும் பெரிய பணக்காரர்களுக்கும்தான் அது கட்டுப்படியானது.

சிப்பியில் தொடங்கிப் பெர்மிட்டில் முடிந்த கதை

இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904ல் சென்னையில் நடந்தது. அதற்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? கடற்சிப்பி! அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914ல் போர்பந்தரில் தொடங்கியதுதான் நிலைத்தது. பிறகு தமிழகத்தில் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து என்று ஆலைகள் எழுந்தன. இவை எல்லாமே சுண்ணாம்புக்கல் கிடைக்கும் இடங்களில் அமைந்தன. டெல்டாவுக்கு அருகில் இருக்கும் அரியலூர் பகுதியே பின்னாளில் சிமெண்டுக்குப் பெயர் பெற்றது.

ஆலை வந்துவிட்டது, சிமெண்ட் கைக்கு வந்ததா? இங்கேதான் வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. பல வருடங்கள் சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. மூட்டைக்குப் பெர்மிட் வேண்டும். கிடைக்காதவர்கள் கள்ளச் சந்தைக்குப் போக வேண்டும். விலையைக் குறைவாக நிர்ணயித்தால் உற்பத்தி வளராது, தட்டுப்பாடு தீராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். 1982ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989 மார்ச் 1 முதல் முழுவதுமாக நீங்கியது.

காரைக்கால் இதற்குள் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இணைப்பு முழுமையடைந்தது. சிமெண்ட் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் அதை வைத்துக் கொல்லைப்புறத்துக்குத் தரை போடுவார்களா? முதலில் கூடம், பிறகு திண்ணை, கடைசியில் மிச்சம் இருந்தால் கிணற்றடி. "மீந்த சிமெண்ட்" என்ற பழக்கம் இந்தப் பற்றாக்குறைக் காலத்தின் மிச்சம் எனலாம்.

வழவழப்பே அழகு என்றானபோது

சிமெண்ட் வந்ததும் தரையின் குணம் மாறியது. சிமெண்ட் பால் ஊற்றி இரும்புக் கரண்டியால் தேய்த்தால் கண்ணாடி போல வரும். சிவப்புக் காவி கலந்த தரை வந்தது. பின்பு மொசைக் வந்தது. செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கற்கள் கண்ணாடியின் மேல் வார்க்கப்பட்டுப் பளபளத்தன. கூடத்துக்கு இவை எல்லாம் அழகுதான். வெறுங்காலுக்குக் குளிர்ச்சி, பெருக்கித் துடைப்பது சுலபம்.

இதே வழவழப்பு கொல்லைப்புறத்துக்கும் போனபோதுதான் பிரச்சினை தொடங்கியது. துணி துவைக்கும் இடத்தில் கடப்பா கல் போட்டார்கள். கருப்புக் கல் சித்திரை வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும், ஐப்பசி மழையில் பாசி பிடித்து வழுக்கும். உளியால் கொத்திய படிக்கட்டின் பாடத்தை நான்கு தலைமுறைக்குள் மறந்துவிட்டார்கள்.

இதற்கிடையே 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கொல்லைப்புற நீச்சல் குளங்கள் பெருகின. ஈரமான கான்கிரீட்டின் மேல் அச்சு வைத்து அழுத்திக் கல் போலவும் செங்கல் போலவும் காட்டும் முறை அங்கேதான் வளர்ந்தது. இப்போது இந்தியாவிலும் அதைச் செய்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அதன் மேல் பூசும் சீலர் வழுக்கும். அதில் நரநரப்பான துகள் கலக்காவிட்டால் பழைய கடப்பா கல் கதைதான்.

உப்பு என்னும் எதிரி

வழுக்கல் கண்ணுக்குத் தெரிந்த எதிரி. கடற்கரையில் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று உண்டு, அதுதான் உப்பு. காற்றில் உப்பு, மணலில் உப்பு, கரையோரக் கிணறுகளில் உப்பு. 2004 டிசம்பர் 26ல் சுனாமி காரைக்கால் கடற்கரைக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு போனது. வயல்களிலும் கிணறுகளிலும் கடல்நீரை விட்டுச் சென்றது.

உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கும். கான்கிரீட் வெடித்துப் பொரிந்து விழும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000) கடற்கரைச் சூழலைக் "கடுமையானது" என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் இருக்க வேண்டும். கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பழைய சுண்ணாம்புத் தரைகள் இதே உப்புக் காற்றில் எப்படித் தாக்குப்பிடித்தன? ஒரு முக்கியமான காரணம் எளிமையானது. அவற்றுக்குள் துருப்பிடிக்க இரும்பே கிடையாது!

அப்படியானால் எந்தத் தரை?

வரலாறு சொல்லும் பதில்களை வரிசையாக அடுக்கினால் இன்றைய நீச்சல் குளத்துக்கான தரை தானாகவே தெரிந்துவிடும்.

முதலாவது, குளத்தின் தொட்டிக்குக் கம்பி இல்லாமல் முடியாது. ஆனால் சுற்றியுள்ள தரை மண்ணின் மேல் படுத்திருப்பது. நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய மணல் படுகை மேல் கம்பியில்லாத கான்கிரீட்டே போதும். களிமண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் என்பதால் தரையை ஒரே பலகையாகப் போடாமல் இரண்டரை, மூன்று மீட்டருக்கு ஒரு இணைப்பு விட வேண்டும். விரிசல் எப்படியும் வரும், அது கோட்டின் வழியே வரட்டும்.

இரண்டாவது, சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அனல் மின் நிலையச் சாம்பல் இங்கே செய்யும் வேலை அன்று செங்கல் தூள் செய்த அதே வேலைதான். உப்பு உள்ளே புகுவதையும் அது குறைக்கிறது. சுர்க்கி வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாவது, நல்ல தண்ணீரும் உப்பில்லாத மணலும். நான்காவது, வாட்டம். ஐம்பது அடிக்கு ஓர் அடி சரிவு, குளத்தை விட்டு வெளிப்பக்கமாக. தேங்கும் தண்ணீர்தான் பாசிக்குத் தாய்வீடு.

ஐந்தாவது, மேற்பரப்பு. இரும்புக் கரண்டியை ஒதுக்கிவிட்டு, பாதி இறுகிய கான்கிரீட்டின் மேல் துடைப்பத்தால் ஒரே திசையில் கோடு இழுத்தால் போதும். உளி கொத்தின் வேலையைத் துடைப்பம் செய்துவிடும். அச்சுத் தரையோடு ஒப்பிட்டால் இதற்குத் தனிச் செலவு என்று எதுவும் இல்லை. நிறம் வெளிறியதாக இருந்தால் பிள்ளைகளின் பாதம் வேகாது.

கடைசியாக, பொறுமை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா? பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது பத்து நாள், முடிந்தால் இரண்டு வாரம் தரையை ஈரமாக வைத்திருக்க வேண்டும். பின்னாளில் பாசி வந்தால் ஆசிட் ஊற்றக்கூடாது, அது சிமெண்டையே தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரும் தேய்க்கும் பிரஷும் போதும்.

பளபளக்கும் தரைக்கு இன்று கடையில் ஆயிரம் வகை இருக்கின்றன. ஆனால் கிணற்றடியில் ஈரக்காலோடு நடந்த பாட்டிக்கும், நீச்சல் குளத்திலிருந்து ஓடிவரும் பேரப்பிள்ளைக்கும் தேவை ஒன்றுதான். கால் வைத்த இடத்தில் கால் நிற்க வேண்டும். படித்துறைக் கல்லை உளியால் கொத்திய பெயர் தெரியாத தச்சருக்கு அது தெரிந்திருந்தது.