ஆறு எட்டாகினால்

நாயாற்றுப் பாலம் தாண்டித் தெற்கே போனால் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். 1984 டிசம்பரில் இந்த ஊர்ச் சனத்தை எழும்பச் சொன்னார்கள். பிறகு 2004 இல் கடல், 2009 இல் போர். திரும்பி வந்தவர்களிடம் ‘காணி ஆருடையது?’ எண்டு கேட்டபோது, கனபேருக்கு மறுமொழி 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடுத்த பேமிற் தாளில்தான் இருந்தது.

ஆகவே தாள்களை ஸ்கான் பண்ணி வைப்பம் எண்டு எல்லாரும் சொல்கிறோம். சரிதான். 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளைத் தேடித்தேடிச் சேர்க்கிறது. ஆனால் ஸ்கான் பண்ணினதை ஆர் சரிபார்க்கிறது?

2013 இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினியியலாளர் ஒரு கட்டட வரைபடத்தை செரொக்ஸ் இயந்திரத்தில் ஸ்கான் பண்ணிப் பார்த்தார். மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42. ஸ்கானில் மூன்றுமே 14.13! இடத்தை மிச்சம்பிடிக்க, ஒரேமாதிரித் தெரியும் உருவங்களில் ஒன்றை மட்டும் வைத்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டுகிற சுருக்கும் முறைதான் காரணம். 6 இருந்த இடத்தில் 8 வந்ததும் உண்டு. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு மென்பொருளைத் திருத்தியது.

இதில் பயம் என்னவென்றால், அந்தப் பிரதி மங்கலாக இல்லை. மங்கலான பிரதியை நாங்கள் சந்தேகப்படுவம். துப்புரவான பிழையை நம்பிவிடுவம். காணித் தாளிலோ ஏக்கர், ரூட், பேர்ச், வரைபட இலக்கம் எல்லாமே எண்தான். ஒரு எண் மாறினால் வேலி மாறும்.

அதனால் வீட்டில் தாள் இருக்கிற எல்லாருக்கும் சொல்கிறோம்: அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுங்கோ. உருவை மாற்றாத டிஃப் கோப்பாக ஒன்றை வையுங்கோ. நாலு ஓரமும் முத்திரையும் முழுசா விழுந்திருக்கோ, பின்பக்கம் எடுத்தாச்சோ எண்டு பாருங்கோ. பிறகு ஒருவர் தாளை வாசிக்க, மற்றவர் திரையில் எண்களைச் சரிபார்க்கட்டும்.

முக்கியமாக, ஸ்கான் பண்ணியாச்சு எண்டு தாளை எறியாதேங்கோ. பிரதியில் சந்தேகம் வந்தால், கேட்கிறதுக்கு அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.